தூக்கும்போது அல்ல, இறக்கும்போதே விரல் போகிறது



முன்பெல்லாம் தோட்டத்தில் கையில் அடி என்றால் பால்வெட்டுக் கத்தி, செம்பனை முள், அரிவாள் இவைதான் காரணம். இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பக்கத்து ஊர்களில் வீடு கட்டும் இடங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். தோட்டத்திலேயே பேர் போட்டு வேலை செய்கிறவர்களும், "ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கோம், நாலு காசு பாக்கலாம்" என்று கொத்தனாருக்குக் கை உதவியாகப் போய் வருகிறார்கள். தோட்டத்துக்குள்ளேயே கால்வாய்க்கு மூடி போடுவது, லயத்து வீடு பழுது பார்ப்பது, கொங்கிரீட் குழாய் பதிப்பது என்று பார வேலைகள் இருக்கவே செய்கின்றன. ஆகவே இம்மாதம் கட்டட வேலையில் பாரம் தூக்கும்போது கைக்கு வரும் அடியைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டாலும் போதும். பாரத்தைத் தூக்கும்போது முதுகுக்கு ஆபத்து. இறக்கும்போது விரலுக்கு ஆபத்து. தூக்குகிற நேரத்தில் எல்லோருக்கும் கவனம் இருக்கும். தம் பிடித்து, கால் ஊன்றி, "ம்... தூக்கு" என்போம். இறக்குகிற நேரத்திலோ கை அசந்திருக்கும், "அப்பாடா, வந்து சேர்ந்தாச்சு" என்று மனமும் அசந்துவிடும். பாரம் தரையைத் தொடுகிற அந்தக் கடைசி இரண்டு அங்குலத்தில்தான் விரல் நசுங்குகிறது.

கை என்பது என்ன?

ஒரு கையில் மட்டும் 27 எலும்புகள் இருக்கின்றன. விரல்களுக்குள் சதை இயந்திரம் எதுவும் கிடையாது. விரலை மடக்கும் தசைகள் முழங்கைக்குக் கீழும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு போன்ற நாண்கள் விரலுக்கு ஓடுகின்றன. பொம்மலாட்டக்காரர் மேலே நின்று கயிற்றை இழுக்க, கீழே பொம்மை ஆடுகிறதல்லவா, அதுபோலத்தான். அந்த நாண்களுக்குப் பக்கத்திலேயே மெல்லிய நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுகின்றன. தோலுக்கும் எலும்புக்கும் இடையே இவற்றைக் காக்க மெத்தை மாதிரி எதுவும் பெரிதாக இல்லை. அதனால்தான் தொடையில் பட்டால் வெறும் கன்றிப் போகிற அடி, விரலில் பட்டால் எலும்பை உடைத்து, நாணை அறுத்து, நரம்பையும் நசுக்கிவிடுகிறது.

கட்டைவிரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கையின் மொத்தப் பயனில் ஏறக்குறைய 40 விழுக்காடு கட்டைவிரலைச் சேர்ந்தது என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். கட்டைவிரல் இல்லாமல் கத்தி பிடிக்க முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது. பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதும் சிரமம்.

பாரத்தின் எடை தெரியுமா?

கண்ணுக்குச் சிறியதாகத் தெரிகிற பொருள்கூடப் பெரிய எடை இருக்கும். சில கணக்குகளைப் பாருங்கள்:

சிமெண்டு மூட்டை ஒன்று: 50 கிலோ.

இரண்டடிச் சதுரம், இரண்டு அங்குலத் தடிப்பு உள்ள கொங்கிரீட் மூடி: சுமார் 45 கிலோ.

12 மீட்டர் நீளமுள்ள 12 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி: 11 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

அதே நீளத்தில் 25 மில்லிமீட்டர் கம்பி: சுமார் 46 கிலோ. ஐந்து கம்பி சேர்ந்தால் 230 கிலோ.

நம் நாட்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜே.கே.கே.பி. 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, உடம்போடு ஒட்டி இடுப்பு மட்டத்தில் தூக்கும் பாரத்துக்கே ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என்று அளவு சொல்கிறது. குனிந்து தரையிலிருந்து எடுத்தாலும், கையை நீட்டித் தூக்கினாலும் இந்த அளவு இன்னும் குறையும். அப்படியானால் ஒரு சிமெண்டு மூட்டையே இரண்டு ஆளின் பாரம். "நான் தனியாளா ரெண்டு மூட்டை தூக்குவேன்" என்று பெருமை பேசுகிற தம்பிகள் இதை யோசிக்க வேண்டும். கை தளர்ந்து பிடி நழுவும்போது பாரம் தானாகவே விழும். விழுகிற பாரத்தைப் பிடிக்கக் கை தானாகவே நீளும். இரண்டும் சேர்ந்தால் விபத்து.

விரல் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

ஒன்று, பாரத்துக்கும் தரைக்கும் நடுவில். கொங்கிரீட் மூடி, கால்வாய்க் கல், கம்பிக் கட்டு இவற்றை இறக்கும்போது.

இரண்டு, பாரத்துக்கும் சுவருக்கும் நடுவில். கதவு நிலை, பலகை, குழாய் இவற்றைக் குறுகலான வழியில் கொண்டு போகும்போது. விளிம்பைச் சுற்றிப் பிடித்த விரல் சுவரில் மோதி நசுங்கும்.

மூன்று, பாரத்துக்கும் பாரத்துக்கும் நடுவில். அடுக்கி வைத்த குழாய் உருளும்போது, லோரியின் பின் கதவு விழும்போது.

நான்கு, கிரேன் கயிற்றுக்கும் பாரத்துக்கும் நடுவில். கயிறு சரியாக உட்காரவில்லையே என்று கையால் பிடித்திருக்க, மேலே இருப்பவர் இழுத்துவிடுகிறார். தொய்வாக இருந்த கயிறு ஒரு நொடியில் இறுகிவிடும்.

தடுப்பது எப்படி?

1. தூக்குவதற்கு முன்பே இறக்கும் இடத்தைத் தயார் செய்யுங்கள். அங்கே இரண்டு மரத்துண்டுகளைப் போட்டு வையுங்கள். பாரம் மரத்துண்டின் மேல் உட்காரும். விரலுக்கு இடைவெளி கிடைக்கும். பிறகு மறுபடி தூக்கவும் சுலபம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் மரத்துண்டுக்கு என்ன பஞ்சம்? ஒரு காசு செலவில்லாத பாதுகாப்பு இது.

2. பாரத்தை விளிம்பின் அடியில் விரல் கொடுத்துப் பிடிக்காதீர்கள். பக்கவாட்டில் பிடியுங்கள். கொங்கிரீட் மூடிக்குக் கொக்கி, கம்பிக்குக் கயிறு, பலகைக்குக் கைப்பிடி என்று கருவி இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

3. இரண்டு பேர் தூக்கினால் ஒருவர் மட்டுமே குரல் கொடுக்க வேண்டும். கட்டட வேலையில் நம்மோடு வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நேப்பாளியர் என்று பலர் இருக்கிறார்கள். நாம் தமிழில் "விடு" என்று சொன்னால் அவருக்கு என்ன தெரியும்? வேலை தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: "அங்காட்" என்றால் தூக்கு, "தூருன்" என்றால் இறக்கு, "தஹான்" என்றால் அப்படியே பிடி. "சத்து, டுவா, தீகா" என்று எண்ணி இருவரும் ஒன்றாக இறக்குங்கள். ஒருவர் முன்னால் விட்டுவிட்டால் மற்றவர் விரல்தான் அடியில்.

4. நழுவுகிற பாரத்தைப் பிடிக்கப் போகாதீர்கள். கையையும் காலையும் இழுத்துக்கொண்டு விலகுங்கள். கல் உடைந்தால் வேறு கல் வாங்கலாம்.

5. கிரேனில் தொங்கும் பாரத்தைக் கையால் திருப்பாதீர்கள். பாரத்தில் ஒரு நீளக் கயிறு கட்டித் தள்ளி நின்று திருப்புங்கள். கயிறு இறுகும்போது கை அதன்மேல் இருக்கக் கூடாது.

6. மோதிரம், கைக்கயிறு, காப்பு இவற்றைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மோதிரம் ஆணியிலோ கம்பியிலோ மாட்டி, ஆள் கீழே குதித்தால் விரலின் தோலும் சதையும் கையுறையை உருவுவதுபோல உருவிக்கொண்டு வந்துவிடும். கல்யாண மோதிரமென்றால் கழுத்துச் சங்கிலியில்கூடக் கோக்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். அம்மணி கோபித்துக்கொள்ள மாட்டார்.

7. கையுறை போடுங்கள். கம்பிக்கும் கல்லுக்கும் தோல் வைத்த கையுறை; ஈரச் சிமெண்டுக்கு நீர் புகாத ரப்பர் கையுறை. கையுறை கீறலைத் தடுக்கும், ஆனால் நசுங்குவதைத் தடுக்காது. சிமெண்டு கலக்கும் இயந்திரம், துளையிடும் இயந்திரம் போன்ற சுற்றும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் கையுறை கூடாது. அது சிக்கிக் கையையே உள்ளே இழுத்துவிடும்.

அடிபட்டுவிட்டால்?

பாரத்தை முதலில் விரலின் மேலிருந்து எடுக்க வேண்டும். மாட்டிய விரலைப் பிடித்து இழுக்காதீர்கள். கடப்பாரையால் பாரத்தை நெம்பித் தூக்குங்கள்.

மோதிரம் இருந்தால் உடனே கழற்றுங்கள். அரை மணி நேரத்தில் விரல் வீங்கிவிட்டால் பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் அழுத்த வேண்டும். "நின்னுடுச்சா" என்று நடுநடுவே திறந்து பார்க்காதீர்கள். உறைகிற இரத்தம் மறுபடி ஓடத் தொடங்கும். விரலின் அடியில் ரப்பர் வளையமோ நூலோ இறுக்கிக் கட்டாதீர்கள். கட்டியதை மறந்துவிட்டால் விரலே செத்துப் போகும்.

காயத்தில் மண் இருந்தால், இரத்தம் கட்டுக்குள் வந்த பிறகு, குழாய்த் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். ஆழமாகக் குத்தி நிற்கும் கம்பியையோ மரச் சில்லையோ பிடுங்காதீர்கள். அதைச் சுற்றித் துணி வைத்து அப்படியே கொண்டு வாருங்கள்.

ஒரு குவளையைப் பிடித்திருப்பதுபோலக் கையைச் சற்று மடக்கி வைத்து, கழுத்தில் துணியால் தொங்கவிட்டு வாருங்கள்.

காப்பித்தூள், மஞ்சள்தூள், சாம்பல், புகையிலை, மண்ணெண்ணெய், பற்பசை இவை எதுவும் வேண்டாம். தோழர்களே, நீங்கள் அப்பி வந்த காப்பித்தூளைக் கழுவி எடுக்கவே எங்களுக்கு அரை மணி ஆகிறது. அதற்குள் உங்களுக்கும் உயிர் போகிற வலி. எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் கூடாது. உடைந்த எலும்பை உருவினால் பக்கத்தில் இருக்கும் நரம்பையும் அது கிழிக்கும்.

விரல் துண்டானால்

பதற்றப்படாமல் இந்த முறையைக் கடைப்பிடியுங்கள். முதலில் ஆளைக் கவனியுங்கள். இரத்தத்தை அழுத்தி நிறுத்துங்கள். 999க்கு அழையுங்கள். பிறகு துண்டான விரலைத் தேடி எடுங்கள். அழுக்காக இருந்தால் சுத்தமான தண்ணீரில் இலேசாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து அதில் சுற்றுங்கள். அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டுங்கள். இன்னொரு பையில் ஐஸ் கட்டியும் தண்ணீரும் ஊற்றி, அதற்குள் முதல் பையை வையுங்கள். அடிபட்ட நேரத்தை எழுதி வையுங்கள்.

விரலை நேரடியாக ஐஸ் மீது வைத்தால் அது உறைந்து செத்துவிடும். டெட்டாலிலோ தண்ணீரிலோ ஊறப்போட்டாலும் கெட்டுவிடும். குளிர்ச்சியாக, ஈரமாக, ஐஸ் படாமல் இருக்க வேண்டும். "நசுங்கிப்போச்சு, இனிமே எதுக்கு" என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒட்ட முடியுமா, முடியாதா என்பதை அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முழுவதும் ஒட்ட முடியாவிட்டாலும் அதன் தோல் பயன்படலாம். அறுவை சிகிச்சை இருக்கலாம் என்பதால் அடிபட்டவருக்குச் சாப்பாடு கொடுக்காதீர்கள். இந்த வேலை தோட்ட மருந்தகத்தில் நடக்காது. பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக வேண்டும்.

சின்னக் காயம்தானா?

"டிரெசர் ஐயா, இது சின்னக் காயந்தான், ஒரு பிளாஸ்டர் மட்டும் போட்டு விடுங்க" என்று கேட்பவர்கள் நிறைய. காயத்தின் அகலத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நான்கு சோதனைகளைச் செய்து பாருங்கள். வீட்டில் அம்மாவோ மனைவியோகூடச் செய்யலாம்:

மடக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு விரலும் நுனிவரை மடங்க வேண்டும். நீட்டச் சொல்லுங்கள். நேராக நீள வேண்டும். மடங்கவோ நீளவோ முடியாவிட்டால் நாண் அறுந்திருக்கலாம், எலும்பும் உடைந்திருக்கலாம்.

தொட்டுப் பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியின் இரண்டு பக்கமும் தொட்டுக் கேளுங்கள். மரத்துப் போயிருந்தால் நரம்பில் அடி.

நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடியில் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் இரத்த ஓட்டம் சரியில்லை.

இந்த நான்கில் எது தவறினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால், அறுந்த நாணின் முனை உள்ளே சுருங்கிப் போகும். பிறகு தைப்பது கடினம். நகம் கழன்று விரல் நுனி நசுங்கியிருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நகத்துக்கு அடியிலேயே எலும்பு இருக்கிறது. நகத்தின் அடியில் இரத்தம் கட்டி விண்ணென்று தெறித்தால் வீட்டில் ஊசியைச் சுட வைத்துக் குத்தாதீர்கள்; நாங்கள் சுத்தமான முறையில் அதை வடித்து விடுவோம்.

தோண்டும் இயந்திரத்தின் எண்ணெய்க் குழாயிலோ கிரீஸ் துப்பாக்கியிலோ இருந்து பீறிட்டு அடித்த எண்ணெய் விரலில் புகுந்தால், வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி மட்டுமே தெரியும். வலியும் முதலில் குறைவு. ஆனால் உள்ளே எண்ணெய் பரவி விரலை அழித்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் இது.

கை முழுவதும் பாரத்தின் அடியில் மாட்டியவர்கள், எலும்பு உடையவில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகும் கவனமாக இருக்க வேண்டும். இரவில் கை பாறைபோல இறுகி வீங்கி, விரலைச் சற்று நீட்டினாலே தாங்க முடியாத வலி வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உள்ளே அழுத்தம் கூடித் தசை சாகத் தொடங்கியிருக்கலாம்.

ஊசியும் சர்க்கரையும்

மண்ணிலும் துருவிலும் பட்ட காயத்தில் டெட்டனஸ் என்னும் இரணஜன்னி வரலாம். தாடை பூட்டி, உடம்பு வில்போல வளைந்து, உயிரே போகும் நோய் அது. பலருக்குக் கடைசி ஊசி பள்ளிக்கூடத்தில் 15 வயதில் போட்டதாகத்தான் இருக்கும். கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும். அழுக்கான, ஆழமான காயமென்றால் ஐந்து ஆண்டு ஆகியிருந்தாலே போடுவோம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாகும்; வலியும் சரியாகத் தெரியாது. மருந்தகத்துக்கு வந்தவுடன் "எனக்குச் சக்கர இருக்கு" என்று வாய் திறந்து சொல்லுங்கள். சிகரெட் பிடிப்பவர்கள் காயம் ஆறும்வரையாவது அதைத் தொடாதீர்கள். புகை விரலின் சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். கட்டுப் போட்ட பிறகு கையைத் தொங்கவிடாமல் தலையணை மேல் உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொன்ன நாளிலிருந்து விரலை அசைத்துப் பழக வேண்டும். வலிக்குப் பயந்து அசைக்காமல் விட்டால், ஆறிய விரலும் கட்டையாகிவிடும்.

அமுக்கிவிடாதீர்கள்

இனி நான் சொல்லப் போவது மருந்து அல்ல. ஆனால் மருந்தைப்போலவே முக்கியம். கட்டட வேலையில் விரல் நசுங்கியவர்களிடம், "எங்கே, எப்படி?" என்று கேட்டால் சிலர், "வீட்டுல கதவுல மாட்டிக்கிச்சு" என்கிறார்கள். குத்தகைக்காரர் கையில் கொஞ்சம் வெள்ளியைத் திணித்து, "சொக்சோவுக்கெல்லாம் போகாதே, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லியிருப்பார். அந்தப் பணம் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். விரல் மட்டும் வாழ்நாள் முழுவதும் மடங்காது.

சொக்சோ சட்டம் 1969இல் வந்தது. ஒரே ஒரு தொழிலாளியை வைத்திருந்தாலும் முதலாளி பதிந்து சந்தா கட்ட வேண்டும். வேலையில் அடிபட்டால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவர் நான்கு நாளுக்குக் குறையாமல் எம்.சி. கொடுத்தால், சராசரித் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊன உதவியாகக் கிடைக்கும். விரல் நிரந்தரமாகக் கெட்டுவிட்டால் மருத்துவ வாரியம் பார்த்து அதற்கென்று தனி உதவி உண்டு. 2019 சனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வேலை விபத்துப் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் நின்று பாரம் தூக்கும் அந்தத் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள்.

ஆகவே அடிபட்ட அன்றே இவற்றைச் செய்யுங்கள்: மேஸ்திரியிடம் சாட்சி வைத்துச் சொல்லுங்கள். தேதி, நேரம், இடம், எந்தக் கை, எந்த விரல் என்று எழுதி வையுங்கள். மருத்துவரிடம் "வேலையில் அடிபட்டது" என்று உண்மையைச் சொல்லுங்கள். அவர் எழுதுவதுதான் பின்னால் சாட்சி. எம்.சி., எக்ஸ்ரே, சம்பளச் சீட்டு எதையும் தொலைக்காதீர்கள். முதலாளி தெரிவிக்காவிட்டால் நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போகலாம். வழி தெரியாவிட்டால் சங்கக் கிளையில் கேளுங்கள்.

கட்டட வேலைக்குப் போகிறவர்களிடம் சி.ஐ.டி.பி. பச்சை அட்டை இருக்க வேண்டும். அட்டையும் சொக்சோவும் இல்லாமல் "நாளைக்கு வா" என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போகும் முன் ஒருமுறை யோசியுங்கள். 2024 சூன் முதல் தேதியிலிருந்து திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. கண்முன்னே ஆபத்து இருக்கிறது என்று நியாயமாகத் தோன்றி, அதை முதலாளி நீக்காவிட்டால், அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை அச்சட்டம் தொழிலாளிக்குக் கொடுத்திருக்கிறது. "அவசரம், அவசரம்" என்று விரட்டுகிறவருக்கு இதை அமைதியாக எடுத்துச் சொல்லலாம்.

தாய்மார்களே, நாளைக் காலையில் மகனோ கணவரோ கட்டட வேலைக்குக் கிளம்பும்போது மோதிரம் கழற்றியாயிற்றா, கையுறை எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். தோழர்களே, அங்கே போனதும் பாரத்தைத் தொடுவதற்கு முன் இரண்டு மரத்துண்டுகளைத் தேடிப் போட்டு வையுங்கள். விரலுக்கு அந்த இரண்டு அங்குல இடைவெளி போதும்.